யானை புகுந்த வயலை அளப்பது எப்படி?

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துரைத்த யானைக் கணக்கு, புறநானூற்று வாசகர்கள் நன்கறிந்தது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால் அதன் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி. வரி வாங்கும் அரசனுக்குச் சொன்ன அறவுரை என்று வகுப்பறையில் விளக்கிவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அதற்குள் ஒரு பொருளியல் சிக்கலும் இருக்கிறது. வாய்க்குள் போனதை அளப்பது எளிது. கவளங்களை எண்ணினால் போதும். காலடியில் அழிந்ததை அளக்க வேண்டுமானால், யானை புகுவதற்கு முன் அந்த வயல் எப்படி இருந்தது என்பதை யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை நம் காலத்தில் மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர்கள் பாலஸ்தீனப் பொருளாதாரத்தை ஆராய்ந்த அறிஞர்கள். அவர்களுக்கு அரைநூற்றாண்டுக்கு முன்பே தமிழகத்தின் சிற்றூர்களில் வினாத்தாளோடு நடந்த ஒரு மரபும் நமக்கு உண்டு. மணலியை ஒட்டிய மாத்தூரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் இரவில் தெரியும் தொலைவில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, நாம் வாழும் நிலத்தைப் பற்றியும் சில கேள்விகள் எழுகின்றன.

*

பாலஸ்தீனத்தில் பொருளாதார ஆய்வு தொடக்கத்திலிருந்தே அரசியலோடு பிணைந்தது. 1922இல் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, யூதக் குடியேற்றம் அந்நாட்டின் பொருளாதாரம் தாங்கக்கூடிய அளவை மீறலாகாது என்றது. உடனே அந்த அளவு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. நிலம் எத்தனை பேரைத் தாங்கும், உழவன் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது, அவன் கடன் எவ்வளவு என்பனவெல்லாம் ஆட்சியாளர் விடை தேடும் வினாக்களாயின. 1930இல் ஜான்சன், கிராஸ்பி என்னும் இரு அதிகாரிகள் அடங்கிய குழு 104 சிற்றூர்களின் உழவர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1945இல் ஒவ்வோர் ஊரின் மக்கள்தொகையையும் நிலவுடைமையையும் பட்டியலிட்ட ஊர்ப் புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்றும் ஆயத்தமாயிற்று.

மூன்றே ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் பொருள் மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் போரில் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாக்கப்பட்டன. வரலாற்றறிஞர் வாலித் காலிதி 1992இல் அவ்வூர்களைப் பற்றிய பெருந்தொகுப்பை வெளியிட்டபோது, ஊரில் இருந்தோர் எத்தனை பேர், அவர்களுக்கு நிலம் எவ்வளவு இருந்தது என்று சொல்வதற்கு அவருக்குக் கைகொடுத்தவை பிரிட்டிஷ் அதிகாரிகளின் கணக்குகளே. ஆட்சி வசதிக்காக எழுதப்பட்ட எண்கள், இல்லாமற்போன ஊர்களுக்குச் சாட்சிகளாயின.

1967இல் மேற்குக்கரையும் காசாவும் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பின்கீழ் வந்தன. அதே ஆண்டில் இஸ்ரேல் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்பின் ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் அப்பகுதிகளைப் பற்றிய முதன்மையான புள்ளிவிவரங்கள் இஸ்ரேலிய நிறுவனங்கள் தந்தவையே. அவற்றைப் பார்த்தால் முதல் சில ஆண்டுகளில் தனிநபர் வருமானம் வேகமாக உயர்ந்திருப்பது தெரியும். காரணம் எளிது. பல்லாயிரக்கணக்கானோர் விடியலில் எல்லை கடந்து இஸ்ரேலின் கட்டுமானக் களங்களுக்கும் தோட்டங்களுக்கும் கூலிக்குச் சென்று மாலையில் திரும்பினர். வீட்டில் பணம் புழங்கியது. இதை வளர்ச்சி என்று சொல்லலாமா?

பாலஸ்தீனப் பொருளியலறிஞர் யூசுப் சாயிக் 1986இல் எழுதிய கட்டுரையில், இது சார்புநிலையும் வறியராக்கமுமே என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சாரா ராய், காசாவை முன்வைத்து ஒரு புதுக் கலைச்சொல்லை வழங்கினார். அதைத் தமிழில் 'வளர்ச்சியழிப்பு' எனலாம். நாஜிப் படுகொலைகளில் தப்பிப் பிழைத்த பெற்றோரின் மகளான அவர், 1995இல் அக்கருத்தை விரித்து ஒரு முழு நூலாகவே எழுதினார். வளர்ச்சிக் குறைவு வேறு, வளர்ச்சியழிப்பு வேறு என்பது அவர் வாதம். முன்னதில் ஒரு நாடு கோணலாகவேனும் வளர்கிறது. பின்னதிலோ வளர்வதற்கான ஆற்றலே பிரித்தெடுக்கப்படுகிறது. 1967இல் வங்கிகள் மூடப்பட்டன. நிலமும் நீரும் பிறர் கட்டுப்பாட்டுக்குப் போயின. தொழில் தொடங்கவும் மரம் நடவும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே கூலி வருமானம் ஏறிக்கொண்டிருந்தது. பிசிராந்தையாரின் மொழியில் சொன்னால், கவளம் கிடைத்தது, வயல் போயிற்று. வருமானத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இந்த இழப்பு புலப்படாது.

எதை அளப்பது என்பதைப் போலவே, எதை ஓர் அலகாகக் கொண்டு அளப்பது என்பதும் சர்ச்சைக்குரியதாயிற்று. இஸ்ரேலியப் பொருளியல் வரலாற்றறிஞர் யாக்கோப் மெட்சர் 1998இல் வெளியிட்ட நூலில் பிரிட்டிஷ் காலப் பாலஸ்தீனத்தை யூதர், அரபியர் என்னும் இரு பிரிவுகள் கொண்ட பிளவுண்ட பொருளாதாரமாக ஆராய்ந்தார். அவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றின் வளர்ச்சிக்கும் மற்றதன் நலிவுக்கும் உள்ள தொடர்பு மறைந்துபோகும் என்பது அத்தகைய அணுகுமுறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். 1994இல் கையெழுத்தான பாரீஸ் ஒப்பந்தமோ இரண்டையும் ஒரே சுங்க வளையத்துக்குள் வைத்தது. பாலஸ்தீனருக்குச் சொந்த நாணயம் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய சுங்க வரியை இஸ்ரேல் வசூலித்து ஒப்படைக்கும் ஏற்பாடு அது. ஒரு பொருளாதாரமா, இரண்டா என்ற கேள்விக்கு அறிஞர் தரும் விடையிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் உரிமை பாலஸ்தீனருக்குக் காலந்தாழ்ந்தே கிடைத்தது. 1993இல் அவர்களுக்கெனப் புள்ளிவிவர அமைப்பு ஒன்று உருவானது; 1997இல் அது தன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. 1985 முதல் அப்பொருளாதாரத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாட்டு அமைப்பு, 2024 ஜனவரியில் ஒரு கணிப்பை வெளியிட்டது. போர் நின்று, காசா 2007 முதல் 2022 வரை கண்ட வளர்ச்சி வேகத்துக்குத் திரும்பினாலும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார அளவை மீண்டும் எட்ட 2092ஆம் ஆண்டு வரை ஆகும் என்றது அக்கணிப்பு. அந்த எண்ணைப் படிப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மீட்க வேண்டிய நிலையாக இங்கே கொள்ளப்பட்ட 2022ஆம் ஆண்டே, பதினைந்து ஆண்டு முற்றுகைக்குப் பிந்தைய நிலை. அடிப்படை ஆண்டாக எதைக் கொள்கிறோமோ அதைப் பொறுத்தே இழப்பின் அளவு அமைகிறது.

*

இனி நம் பக்கம் வருவோம். பாலஸ்தீனத்துக்கு 1945ஆம் ஆண்டுத் தொகுப்பு வாய்த்ததுபோல, சென்னையைச் சூழ்ந்த நிலத்துக்கு அதைவிட நூற்றெழுபது ஆண்டுகள் மூத்த கணக்கு ஒன்று உண்டு. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில், 1767க்கும 1774க்கும் இடையே தாமஸ் பார்னார்டு என்பவர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். வடக்கே பொன்னேரி வரை விரிந்த பகுதி அது. வீடுகள், சாதிகள், தொழில்கள், நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, விளைச்சல் ஆகியவற்றோடு, களத்துமேட்டில் குவிந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, கொல்லனுக்கும் வண்ணானுக்கும் எவ்வளவு என்ற பங்கு விவரமும் அதில் பதிவானது. தமிழ் ஏடுகளிலும் அதன் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது.

கம்பெனி இதைச் செய்தது வரிக்காகத்தான். ஆயினும் பிற்கால அறிஞர்கள் அதே ஏட்டை வெவ்வேறு வகையில் வாசித்தனர். தரம்பால், அன்னிய ஆட்சிக்கு முன்பு தன் நிறுவனங்களைத் தானே பேணிக்கொண்ட ஒரு சமூகத்தை அதில் கண்டார். ஜப்பானிய அறிஞர் மிசுஷிமா சுகாசா, மிராசு முறையையும் உள்ளூர்ச் சமூகத்தின் அமைப்பையும் அதிலிருந்து வரைந்துகாட்டினார். பங்குகளின் அளவைக் கூர்ந்து நோக்குவோருக்கு, யார் கணக்கோடு பெற்றார்கள், யார் கையேந்திப் பெற்றார்கள் என்ற சாதிப் படிநிலையும் அதில் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு வழக்கு நடந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தனர். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. நம் பகுதியைத் தொட்டுச்செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு, அந்நாளில் பஞ்சக் கூலிக்கு வந்தவர்கள் வெட்டியது. இந்தப் பின்னணியில்தான் எஸ். சீனிவாச ராகவையங்கார் சென்னை அரசுக்காக நாற்பதாண்டு முன்னேற்றம் பற்றிய பேரறிக்கையை எழுதினார். 1893இல் அது நூலுருவில் வந்தது. விலை, கூலி, சாகுபடிப் பரப்பு, வணிகம் ஆகியவற்றைத் திரட்டி, ஆங்கில ஆட்சியில் நாடு முன்னேறியிருக்கிறது என்று அவர் முடிவு கூறினார். 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1903இல் வெளியிட்ட நூலில் எதிர்வழக்கை எடுத்துரைத்தார். செல்வம் வெளியேறுகிறது, கைத்தொழில் நசிகிறது, உழவர் கடனில் மூழ்குகின்றனர் என்பது அந்த வழக்கு. இருவரும் அரசு வெளியிட்ட எண்களையே பெரிதும் நம்பியிருந்தனர். எண்களுக்கு அப்பால் ஊருக்குள் சென்று பார்க்கும் முறை இன்னும் வரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி 1924இல் நூலெழுதியவர் என்று இலக்கிய வாசகர்கள் அவரை அறிவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த அவர், பாடநூல்கள் இங்கிலாந்தைப் பற்றிப் பேசுவதைக் கண்டு, மாணவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். அவர்கள் திரட்டிவந்தவை 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, நெல்லையின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலைபுரம் ஆகிய ஐந்தும் தமிழ்நாட்டில் 'ஸ்லேட்டர் ஊர்கள்' என்றே பெயர் பெற்றன.

நூலின் பெருமை அதன் முதற்பதிப்போடு முடியவில்லை. பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் ஆள் அனுப்பி 1940இல் மறுஆய்வு நூலை வெளியிட்டனர். மால்கம் ஆதிசேஷையா 1971இல் அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மெஞ்சருடன் இருவேல்பட்டுக்குச் சென்று 1983இல் கட்டுரை எழுதினார். தூசியும் வடமலைபுரமும் அந்தப் பத்தாண்டிலேயே மறுபடி ஆராயப்பட்டன. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மீண்டும் இருவேல்பட்டுக்குச் சென்றனர். 1916இல் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் நிழலில், படியாட்களின் உழைப்பில் இயங்கிய ஊர் அது. தொண்ணூறாண்டுக்குப் பின் அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. படியாள் முறை மறைந்திருந்தது. வேளாண்மைக்கு வெளியே கிடைக்கும் வேலையும் நியாயவிலைக் கடை போன்ற அரசுத் திட்டங்களும் தலித் மக்களின் பழைய சார்புநிலையைக் குறைத்திருந்தன. மாகாண சராசரி எண்ணிலிருந்து இந்த மாற்றத்தைப் படித்தறிய முடியாது. அதே ஊருக்குத் திரும்பிப் போனதனால் மட்டுமே அது தெரிந்தது.

இங்கே தர்மா குமாரையும் நினைவுகூர்தல் தகும். நிலமற்ற கூலிகளை ஆங்கில ஆட்சியே உருவாக்கியது என்ற பரவலான கருத்தை அவர் 1965இல் வெளியிட்ட நூல் மறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாதிக் கணக்குகளைக் கொண்டு, அடிமை நிலையில் உழைத்த பெருந்தொகையினர் முன்பே இருந்தனர் என்று அவர் காட்டினார். யானையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர், வயலுக்குள் முன்பே போடப்பட்டிருந்த வரப்புகளை மறந்துவிடுவார் என்பதே அவர் ஆய்விலிருந்து நாம் பெறும் பாடம். பாலஸ்தீன ஆய்வுகளிலும் அத்தகைய தற்சோதனை எழாமல் இல்லை. 2011இல் ராஜா காலிதி, சோபி சமூர் இருவரும் எழுதிய கட்டுரை, விடுதலையின் பெயரால் பாலஸ்தீன நிர்வாகமே சந்தைக் கொள்கைகளைத் தழுவிக்கொண்டதைக் கேள்விக்குட்படுத்தியது.

*

ஸ்லேட்டர் ஊர்கள் ஐந்தில் ஒன்றுகூடச் சென்னையின் வடவிளிம்பில் இல்லை. நாம் வாழும் பகுதிக்கு அதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் அமைந்து, 1969இல் உற்பத்தி தொடங்கியது. உரத் தொழிற்சாலை தொடர்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இலும் எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் வந்தன. மாத்தூர் ஊராட்சி 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்தது. இந்த வரிசையை எந்த அரசு அறிக்கையிலும் காணலாம். டன், மெகாவாட், கோடி ரூபாய் என்ற அளவுகளோடும் காணலாம். இவை கவளக் கணக்கு. ஏரிப் பாசனமும் உப்பளமும் கழிமுக மீன்பிடியும் 1965க்கு முன் எத்தனை குடும்பங்களுக்கு, எந்தெந்த மாதத்தில், எவ்வளவு சோறு போட்டன என்ற வயல் கணக்கு எங்கே?

இது ஏட்டுக் கேள்வி அன்று என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் கரிய எண்ணெயில் தோய்ந்தன. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அரசு விரைந்து எண்ணியது, எண்ணக்கூடியதை எண்ணியது. படகை எண்ணலாம், குடும்ப அட்டையை எண்ணலாம். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவரிடம் எண்ணுவதற்குப் படகு இல்லை. ஆற்றில் முன்பு எத்தனை வகை மீன் பட்டது, அவற்றில் எது எந்த ஆண்டில் நின்றது என்பதற்குப் பதிவேடு இல்லை. எண்ணெய் படிவதற்கு முந்தைய வாரத்தை அடிப்படையாகக் கொண்டால் இழப்பு ஒரு தொகை. அரைநூற்றாண்டுக்கு முந்தைய நிலையைக் கொண்டால் அது வேறொரு தொகை.

நிலப்படமும் இதற்கு விலக்கன்று. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் வரையப்பட்ட இன்னொரு படத்தில் அது விடுபட்டிருப்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழிப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு 2017இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எடுத்துக்காட்டினர். பழைய படம் கையில் இருந்ததால்தான் அந்த வழக்கையே எழுப்ப முடிந்தது.

எண்ணூரைக் காசாவோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டா. இங்கே குடிமக்களுக்கு வாக்கு உண்டு, பசுமைத் தீர்ப்பாயம் உண்டு, தகவல் கேட்கும் உரிமை உண்டு. முற்றுகையும் குண்டுவீச்சும் இல்லை. ஒப்புமை ஆய்வு முறையில்தான். தன் நிலத்தைப் பற்றிய முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்படும்போது, தன் முந்தைய நிலையைத் தானே எழுதி வைத்திராத மக்கள் இழப்பைச் சொல்லும்போது அது புலம்பலாகவே கேட்கப்படும். எழுதி வைத்திருப்பவர் சொல்வது சான்றாகும். பாலஸ்தீன அறிஞர்கள் இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். நமக்கோ உரிமையும் வசதியும் இருந்தும் கணக்கு இல்லை.

ஸ்லேட்டர் செய்தது பெருஞ்செலவில் நடந்த ஆய்வன்று. ஒரு வினாத்தாள், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள், அவர்கள் எழுதியதைத் திருத்தித் தொகுக்க ஓர் ஆசிரியர், அவ்வளவே. பொன்னேரியிலும் வியாசர்பாடியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பயில்வோரில் கழிமுகக் குப்பங்களிலிருந்தும் மணலிப் புறநகர்களிலிருந்தும் வருவோர் உண்டு. உப்பளத்தில் வேலை செய்த பாட்டியிடம் அன்றைய கூலியைக் கேட்கலாம். ஆலைக்கு நிலம் கொடுத்த பெரியவரிடம் அந்நிலத்தில் எத்தனை போகம் விளைந்தது, கிடைத்த தொகை என்னவாயிற்று, பிள்ளைகளில் யாருக்கு ஆலையில் நிரந்தர வேலை கிடைத்தது, யார் ஒப்பந்தக் கூலியாக நின்றார் என்று கேட்கலாம். ஏரியின் பெயரையும் மதகுகளின் பெயரையும் குறித்துக்கொள்ளலாம். இதற்குப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை. மீன்களின் பெயரையும் காற்றுகளின் பெயரையும் பிழையின்றி எழுதத் தெரிந்த தமிழ்த்துறை மாணவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள் என்றும் நாம் கருதுகிறோம்.

1965க்கு முந்தைய மணலியைக் கண்ணால் கண்டவர்களில் இளையவர்களே எழுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். இருவேல்பட்டுக்கு நான்காம் முறை ஆய்வாளர்கள் போனபோது அவர்கள் கையில் 1916ஆம் ஆண்டின் கணக்கு இருந்தது. நாம் இவ்வாண்டு எழுதத் தொடங்கினால், அடுத்த தலைமுறையில் மாத்தூருக்கும் எண்ணூருக்கும் வரும் ஆய்வாளர் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.